தறி நின்னும் முழிக்காத புள்ள

அம்மையார்குப்பத்துல இருமலைக் கேட்டே நோயைச் சொல்றவன் நான் ஒருத்தன்தான். சும்மா பீத்திக்கல. ஆறு பவர்லூம் ஓடுற சத்தத்துல எந்தத் தறியில நூல் அறுந்துச்சுன்னு திரும்பாமலே சொல்ற காது இது. வறட்டு வறட்டுன்னு இருமினா பஞ்சுத் தூசு. மூக்கு ஒழுகித் தும்மினா சாதா சளி. ஒரே நாள்ல காய்ச்சல் ஏறி, அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலிச்சா ஃப்ளூ. இந்த ராஜவேலு சொன்னா தெருவே கேக்கும்.

போன மார்கழியில என் பெரிய பொண்ணு மோனிஷாவுக்கு நூத்திரண்டு காய்ச்சல். கத்திக் கத்தி வூட்டையே ரெண்டாக்கினா. ஃப்ளூதான்னு சொல்லி, திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுத்தேன். அப்ப எங்க ஊரு நர்ஸ் எவாஞ்சலின் வந்தாங்க. மோனிஷாவைத் தொட்டுப் பாத்துட்டு, "தண்ணி குடிக்கிறா, நல்லாக் கத்துறா. இவளைச் சாயங்காலம் காட்டிக்கலாம்"ன்னாங்க. அப்புறம் தறிக்குப் பக்கத்துல கட்டியிருந்த தூளியை எட்டிப் பாத்தாங்க. "சின்னவனுக்கு என்ன?"

"குமரவேலுக்கு என்னங்க? ரெண்டு நாளா மூக்கடைப்பு. காய்ச்சல் இல்ல, இருமல்கூட இல்ல. சமத்தா தூங்கினு கீறான்."

"பால் குடிச்சானா?"

என் பொண்டாட்டி தேவயானி தலையைக் குனிஞ்சா. "காலையிலர்ந்து வாய் வைக்கிறான், உடனே வுட்டுடறான்க்கா."

"தறியை நிறுத்துங்க. தூளி அதிருது, மூச்சை எண்ண முடியல."

எனக்குக் கோவம் வந்துச்சு. எங்க தெருப் புள்ளைங்க தறிச் சத்தத்துலதான் தூங்கும். கரண்ட்டு போனா வீல்னு கத்தி எழுந்துக்கும். "முழிச்சுட்டான்னா நீங்கதான் தூங்க வைக்கணும்"னு சொல்லிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன்.

வூடே அடங்கிப் போச்சு. எங்கியோ நாய் குரைக்கிறது கேட்டுச்சு. புள்ள முழிக்கல.

எட்டு மாசப் புள்ள. அசையவே இல்ல. முருகா! எவாஞ்சலின் அவன் சட்டையைத் தூக்கினாங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ குழி வுழுந்துச்சு. வாட்சைப் பாத்து ஒரு நிமிஷம் எண்ணினாங்க.

"அறுபத்தெட்டு. இந்த வயசுக்கு அம்பதே ஜாஸ்தி. சளி நெஞ்சுல இறங்கிட்டுது. காதால கேட்டது போதும், கண்ணால பாருங்க. கிளம்புங்க!"

மோனிஷாவையும் ஏத்திக்கினு நூத்தியெட்டு ஆம்புலன்ஸ்ல திருத்தணிக்குப் போனோம். சின்னவனுக்கு நாலு நாள் ஆக்சிஜன் வெச்சாங்க. என் காதை அறுத்துப் போட்டுடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அஞ்சாம் நாள் வூட்டுக்கு வந்தோம். புள்ள வயிறு முட்டக் குடிச்சான். தறியை ஓட்டினேன், தூங்கிட்டான். சட்டையைத் தூக்கி எண்ணினேன், முப்பத்தாறு. அப்பவும் மனசு கேக்கல. போய் மெயினை இறக்கினேன்.

வீல்னு ஒரு கத்து!

"தூங்குற புள்ளயை எழுப்புறியே, அறிவு கீதாய்யா உனக்கு?"ன்னு தேவயானி ஓடி வந்தா.

"இன்னொரு வாட்டி கத்துடா நைனா"ன்னு அவனைத் தூக்கிக்கினேன். எனக்கு அழுகையை அடக்க முடியல.