மகேஸ்வரன் லீமாவைச் சுற்றிப் பார்த்த நாள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. ரொறன்ரோவில், பார்க்டேலில் ஒரு டோனட் கடையில், கோப்பியை ஆறவிட்டுப் பஸ்ரியன் அண்ணை சொன்னது. லீமாவை நான் கண்டதில்லை. பிறம்ரனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு, பஸ் மாறி மாறி வந்து எழுத உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. ஆகவே வர்ணனை குறைவாக இருக்கும். பொறுத்தருள்க.

நான் எழுதிய முதல் வரி: பசிபிக் சமுத்திரத்தின் நீல அலைகள் லீமா நகரின் பாதங்களை…

(வெட்டிவிட்டேன். “அண்டைக்கு முழுக்கப் பனிமூட்டம், கடலே தெரியேல்லை” என்கிறார் அண்ணை.)

2

1991. பஸ்ரியனையும் மகேஸ்வரனையும், கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் லீமாவில் கொண்டுபோய் இறக்கியிருந்தான். மறுநாள் ரொறன்ரோவுக்கு விமானம். மகேஸ்வரனின் மனைவி யோகராணி முன்னமே இங்கு வந்து, அவருக்காக ஓர் அறை எடுத்துக் காத்திருந்தார். ஏஜென்ற் இருவரின் கழுத்திலும் பிலிம் இல்லாத கமராவை மாட்டிவிட்டான்.

“ரூறிஸ்ற் எண்டுதான் போறியள். என்ன பாத்தனீங்களெண்டு எயார்போட்டிலை கேட்டால் முழுசக் கூடாது. போய் ஊரைச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ.”

சோதனைக்குப் பாடமாக்குவது போல ஒரு நகரத்தைப் பார்த்தார்கள். சதுக்கம், பாடமாச்சு. மரத்தில் செதுக்கிய பல்கணிகள், பாடமாச்சு. மத்தியானம் வரை மகேஸ்வரன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு தெருவோரம் அவித்த சோளம் வாங்கித் தின்றார். “உது நல்லாயிருக்கடாப்பா” என்று இன்னொன்றும் வாங்கினார்.

[இந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இது நல்லதல்ல.]

3

பெரிய தேவாலயத்தின் வாசலில் இருவரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். ஒருவர் வேதக்காரக் கிறிஸ்தவர், மற்றவர் சைவம். ஆனால் யாழ்ப்பாணத்தானுக்குக் கோயில் என்றால் கழற்றுவதுதான், அது ஆருடைய கோயிலாக இருந்தாலும். சுற்றியிருந்த ஒருவரும் கழற்றவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. வெளியே வந்தபோது மகேஸ்வரனின் புதுச் சப்பாத்தைக் காணவில்லை. பஸ்ரியனின் பழசைக் கள்ளன்கூடச் சீண்டவில்லை.

“வெறுங்காலோடை பிளேனேறுற ரூறிஸ்ற் ஆரடா? இதிலை நில். உந்த ஒழுங்கைக்குள்ளை ஒரு கடை கண்டனான். வாறன்.”

வரவில்லை. பஸ்ரியன் இருட்டும் வரை தேடினார். மறுநாள் தனியே விமானம் ஏறினார்.*

* பொலிஸில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். கள்ளப் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போன ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

4

அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆனால் ரொறன்ரோவில் எங்கள் சனத்திடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. பாதிப்பேர் அவரைக் கொன்றுவிட்டார்கள், மீதிப்பேர் அவருக்கு அங்கேயே ஒருத்தியைக் கட்டிவைத்துவிட்டார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: ஒழுங்கையின் திருப்பத்தில் மூன்று பேர் அவருடைய கமராவைப் பிடித்து இழுத்தபோது…

முடிவு ஆ: இப்போது அவர் ஸ்பானிய மொழியில் நன்றாகச் சண்டை பிடிப்பார். அவருடைய மகளுக்கு…

இரண்டையும் தொடர எனக்குத் தெம்பில்லை.

5

போன ஞாயிறு, நான் இதை எழுதுவதைக் கேள்விப்பட்டு யோகராணி அக்கா வந்தார். நான் எழுதும் சஞ்சிகை தமிழ்க் கடைகளில் சும்மா கிடைப்பது. அதில் வந்துவிட்டால் சனத்துக்கு அது வேதவாக்கு. முடிவை நல்லதாக எழுதச் சொல்லி மன்றாடப்போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, அவரைச் சாகடிச்சு எழுதும்” என்றார்.

தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினேன்.

“மூண்டு வருசம். அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிப்பமெண்டால், ஒஷாவாவிலை இருக்கிற அவற்றை தமையன் ‘செத்ததை ஆர் கண்டது?’ எண்டு விடுறாரில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் என்ரை பொட்டைப் பாக்கினம். போகாட்டில் அதுக்கும் கதை. வேலையாலை வந்து ரெலிபோனைப் பாத்துப் பாத்து எனக்குக் களைச்சுப்போச்சு. நான் சொன்னால் பாவம். நீர் எழுதினால் கதைதானே.”

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தார். கதவடியில் நின்று, “அண்டைக்கு அவர் ஏதும் சாப்பிட்டவரோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா. அவிச்ச சோளம். ரெண்டு.”

அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன், எழுத்தாளன் அழக்கூடாது என்பார்கள்.

6

மகேஸ்வரன் அன்று மாலையே இறந்து

பேனை நகரவில்லை. அவர் உயிரோடிருந்தால், ஓர் அப்பாவியைக் கொன்றவன் நான். இல்லையென்றால், இன்னொரு அப்பாவியை ரெலிபோனடியில் கட்டிவைத்திருப்பவன் நான். இரண்டுக்கும் என்னிடம் துணிவில்லை. ஆகவே கதையை இப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அக்கா இதை வாசிக்கமாட்டார். பக்கத்தைத் திறக்கப் பயமாம். கடையில் இந்தச் சஞ்சிகையோடு உங்களைக் கண்டால் பக்கத்தில் வந்து, “கடைசியிலை என்னெண்டு எழுதியிருக்கு?” என்று கேட்பார். அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள்.

நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் நம்புவார்.