விதி நான்கை மீறியவளுக்கு

1

இது கதையாக எழுதத் தொடங்கியதல்ல. பய்யன்னூரில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஜிஷ்ணா என்ற பெண்ணுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். இடம்: பெரும்பாவூர். பெறுநர் முகவரியை அஞ்சல் எண்ணோடு எழுதினேன். அடுத்து 'பொருள்:' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்குமேல் நகரவில்லை.

பஞ்சாயத்துக்குத் தெருவிளக்கு பற்றி, மின்வாரியத்துக்குக் கம்பியில் சாய்ந்த பலாமரம் பற்றி, பத்திரிகைகளுக்கு எதைப் பற்றியும் கடிதம் எழுதியவன் நான். பொருள் எழுதத் தெரியாமல் நின்றது இதுதான் முதல் முறை. பதினோரு தாள்கள் போயின. பிறகுதான், கதையாக எழுதினால் 'பொருள்' எழுத வேண்டியதில்லையே என்று தோன்றியது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'சாம்பல் காட்டின் வடக்கு எல்லையில், பனி விலகாத ஒரு காலையில், கெல்வார் என்னும் வீரன்…'

அடித்துவிட்டேன். கெல்வார் வீரன் அல்ல, ரேஞ்சர். கூட்டத்துக்கு முன்னால் தனியாக நடந்து தடம் பார்ப்பவன். எங்கே தண்ணீர், எங்கே ஓநாய் என்று திரும்பி வந்து சொல்பவன். வில் உண்டு. பெரும்பாலும் அது முதுகிலேயே இருக்கும். அவன் என் பாத்திரம்.

இரண்டாம் முயற்சி:

'எழுத்தால் மட்டுமே ஆடப்படும் இணைய விளையாட்டு ஒன்று உண்டு. அதன் இலக்கணம் யாதெனில்…'

இதுவும் வேண்டாம். ஆனால் விளையாட்டு என்ன என்று சொல்லாமலும் முடியாது. படம் இல்லை, சத்தம் இல்லை. போனில் ஒரு பக்கம். திரூர் பள்ளியில் வேதியியல் நடத்தும் ஷாஹித் மாஷ் காட்டையும் மழையையும் பூதத்தையும் எழுதுவார். நாங்கள் மூவர், எங்கள் பாத்திரம் என்ன செய்தது என்று எழுதுவோம். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். தோஹாவில் கிரேன் ஓட்டும் பாஸில், கோடாரிக்காரன். ஜிஷ்ணா, ஸில்லா என்னும் திருடி. ஆறு வருடங்கள் அந்தக் காட்டில் இருந்தோம். நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

[இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் ரேஞ்சரைத் தேர்ந்தெடுத்தது வீரத்தால் அல்ல. எனக்கு எதையும் அளந்து எழுதப் பிடிக்கும். குளம்புத் தடம் எத்தனை விரற்கடை ஆழம், சாணம் எத்தனை நாள் பழசு, காற்று எந்தப் பக்கம் என்று எண் போட்டு எழுதுவேன். ஒருமுறை அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜிஷ்ணாவின் வரி வந்தது: "கடுதாசிச் சேட்டா, ஓநாய் பின்னாடியே நிக்குது. பாயின்ட் மூணை அது வயித்துக்குள்ள போய் முடிச்சுக்கலாம்." அன்றிலிருந்து மூவருக்கும் நான் கடுதாசிச் சேட்டன்.]

3

எங்கள் கூட்டத்துக்கு ஏழு விதிகள். அவற்றை எழுதியவன் நான்தான். கதைக்கு வேண்டியவை இரண்டு.

விதி நான்கு: ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் எழுதக்கூடாது. 'குத்த ஓங்கினேன்' என்று எழுதலாம், 'அவன் விழுந்தான்' என்று எழுதக்கூடாது. விழுவதா வேண்டாமா என்பது அவன் பாடு. மீறியவர் ஓர் அத்தியாயம் வெளியே உட்கார வேண்டும்.

விதி ஆறு: யாராவது வராமல் போனால் அவர் பாத்திரத்தைக் கொல்லவோ விட்டுவிட்டுப் போகவோ கூடாது. அது தூங்குவதாகக் கொண்டு, கோவேறு கழுதைமேல் போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அப்படி ஒருநாள் கெல்வார் கழுதைமேல் போனான். நான் அனுப்பிய வரி இதுதான்: 'சில நாட்கள் வர இயலாது. காரணம்: அலுவலகப் பணி.'

காரணம் பொய்.

4

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிட முடியுமா என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

என் அண்ணன் பைலிச்சேட்டன் இறந்துபோனார். ரப்பர் தோட்டத்தில், காலையில், பால் எடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. ஒரே வீட்டில் நாற்பத்தொரு வருடம். அவர்…

அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். இந்தக் கதை அவரைத் தாங்காது. வேறொன்றில் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து வந்து படுத்தேன். எழுந்திருக்கவில்லை. நாற்பதாம் நாள் குர்பானாவுக்கு, அதாவது பூசைக்கு, இரண்டு பேர் கைத்தாங்கலாகச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனார்கள். வந்து மறுபடி படுத்துவிட்டேன். பிளைவுட் கம்பெனியில், நான் பார்க்கும் அனுப்புகைப் பிரிவில், வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள். கேட்டவர்களிடம் எல்லாம் மேர்சி, என் மனைவி, எனக்கு இடுப்புவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டைக் கட்டிலருகே வைப்பாள். நான்கு வாய்க்குப் பிறகு எடுத்துப் போவாள். அழவும் இல்லை நான். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை மட்டும் பார்ப்பேன். எழுதமாட்டேன், படிப்பேன். ஸில்லா கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆற்றைக் கடக்கும்போது என் தலை நனையாமல் தூக்கிப் பிடித்தாள். கெல்வாரின் குறட்டையைக் கேட்டு ஓநாய்கள் ஓடியதாக ஒருநாள் எழுதினாள். (குறட்டை விதிமீறலா என்று பாஸில் கேட்டான். மாஷ் ஆராய்ந்து, தூக்கத்தின் ஒரு பகுதியே குறட்டை என்று தீர்ப்பளித்தார்.) அவர்கள் யாருக்கும் என் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. அலுவலகப் பணி என்றுதான் நினைத்திருந்தார்கள்.

நாற்பத்தேழாம் நாள், பிற்பகல் மூன்றரை மணி. ஜிஷ்ணாவின் வரிகள் வந்தன. எழுத்து மாறாமல் தருகிறேன்:

'ஸில்லா கழுதையின் கயிற்றைக் கீழே போட்டாள். இனி நீயே நட என்றாள். கெல்வார் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். பசிக்குது என்றான்.'

முதல் இரண்டு வாக்கியங்கள் அவளுடையவை. கடைசி மூன்றும் குற்றம்.

5

நடந்தது இவ்வளவுதான். எனக்குப் பசித்தது. எழுந்தேன். அடுக்களைக்குப் போனேன். மூடியைத் திறந்தால் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும். நின்றபடியே சட்டியிலிருந்து எடுத்துத் தின்றேன். துணி எடுக்கப் போயிருந்த மேர்சி உள்ளே வந்து, பார்த்து, நின்று, "உப்பு போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த இடத்தை எழுதி முடித்து மேர்சியிடம் படிக்கக் கொடுத்தேன். அவளையும் நான் எழுதுகிறேன் அல்லவா, அனுமதி வேண்டும்.

படித்துவிட்டு, "நான் உப்பு கேக்கவே இல்லை" என்றாள்.

"பின்னே?"

"கை கழுவினீங்களான்னு கேட்டேன். நாப்பத்தேழு நாளா சோப்பைத் தொடாத கை, சேட்டா. அதைச் சட்டிக்குள்ள விட்டுட்டீங்க. மிச்சக் கறியை நான் பூனைக்குத்தான் ஊத்தினேன்."

உப்புதான் கதைக்கு நன்றாக இருக்கிறது என்றேன். அப்படியானால் அந்தக் கதையில் இருக்கிற மேர்சியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். ஆகவே திருத்துகிறேன்: துணி எடுக்கப் போயிருந்த மேர்சி உள்ளே வந்து, பார்த்து, நின்று, "கை கழுவினீங்களா?" என்று கேட்டாள். பிறகு திரும்பவும் வெளியே போய்விட்டாள். எடுத்த துணியை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரம் இல்லாத துணி.

6

இனி என் பகுதி. இதில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அன்று மாலையே பாஸில் ஆட்சேபணை எழுப்பினான். இன்றைக்கு ஒருத்தனை எழுப்புவாள், நாளைக்கு என்னைக் கொல்லுவாள், பிறகு எதற்கு விதி என்பது அவன் வாதம். தப்பில்லை. ஷாஹித் மாஷ் நியாயமானவர். பாத்திரத்தின் சொந்தக்காரனிடம் கேட்போம் என்றார். எனக்கு எழுதினார்: "எல்தோஸ், உங்களுக்குப் பரவாயில்லைன்னா ஒரு வார்த்தை சொன்னா போதும். இதை இதோட விட்டுடுறேன்."

ஒரு வார்த்தை. நான் எழுதியது:

'1. விதி நான்கு ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக உள்ளது.
2. என் அனுமதி பெறப்படவில்லை.
3. ஆகவே விதிப்படி நடவடிக்கை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

இதை எழுதும்போது எனக்கு மத்திக் கறி ஏப்பம் வந்துகொண்டிருந்தது.

ஏன் எழுதினேன்? பரவாயில்லை என்று சொன்னால் ஏன் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அலுவலகப் பணி பொய் என்று சொல்ல வேண்டிவரும். ஒரு ஆண்பிள்ளை ஒன்றரை மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், ஒரு விளையாட்டில் யாரோ எழுதிய மூன்று வரியில் எழுந்து கப்பை தின்றான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று பாயின்ட் எழுதுவது சுலபமாக இருந்தது.

ஜிஷ்ணா பதில் போட்டாள்: "சரி சேட்டா." கிண்டல் எதுவும் இல்லை. ஆறு வருடத்தில் கிண்டல் இல்லாமல் அவள் எழுதிய வரி எனக்கு வேறு ஞாபகம் இல்லை. அவள் வெளியே உட்கார்ந்த அத்தியாயம் முடிந்தது. அவள் திரும்பவில்லை. பதினான்கு மாதம் ஆகிறது. விதி ஆறின்படி ஸில்லா இப்போது கழுதைமேல் தூங்குகிறாள். கயிறு கெல்வாரின் கையில்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் ஜிஷ்ணா இதைப் படிக்கிறாள், சிரிக்கிறாள், அன்றே திரும்பி வருகிறாள்.

இரண்டாவதில் படிக்கிறாள், கோபப்படுகிறாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சேட்டா என்கிறாள். நியாயமான கோபம். நான்கு பத்தி எழுதினேன். அவள் என்னை நன்றாகத் திட்டினாள். எழுதும்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மூன்றாவது, என் வீட்டு விஷயம் எதுவும் தெரியாமலே பாஸில் முன்பு சொன்ன யோசனை. "நீங்களே அவளை எழுப்பிடுங்க சேட்டா. ஸில்லா கண்ணைத் திறந்தாள்னு போடுங்க. கணக்கு நேர் ஆயிடும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மூன்றையும் அடித்துவிட்டேன். படித்துப் பார்த்தால் மூன்றிலும் எனக்காக அவள் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறாள். ஒன்றில் சிரிக்க வேண்டும், ஒன்றில் திட்ட வேண்டும், ஒன்றில் எழுந்திருக்க வேண்டும். நன்றி சொல்லப் புறப்பட்டவன் அவளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் எழுதியபோது என்னிடம் எதையும் கேட்கவில்லை. கழுதை இழுத்து அலுத்திருப்பாள், அல்லது என் அளவெடுப்பு இல்லாமல் காடு போரடித்திருக்கும். எதுவானாலும் சரி.

8

ஆகவே நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்ததும், நான்காம் பகுதியிலிருந்து ஆறாம் பகுதி வரை உள்ளதைக் கூட்டத்தின் பக்கத்தில் போட்டேன். பைலிச்சேட்டன் பெயரோடு. கப்பையோடு.

பாஸில் குரல் பதிவு அனுப்பினான். முதலில் கொஞ்ச நேரம் கிரேன் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "சேட்டா, அண்ணன் போனதைச் சொல்லாம இருந்துட்டீங்களே. நான் பாட்டுக்குக் குறட்டைக்கு விதி கேட்டுட்டிருந்தேன்" என்றான். மறுபடி இரைச்சல்.

ஷாஹித் மாஷ் மாலையில் கூப்பிட்டார். முதன்முறையாக அவர் குரலைக் கேட்டேன். பூதங்களுக்கு வசனம் எழுதுகிறவருக்கு இவ்வளவு மெல்லிய குரலா என்று இருந்தது. விதி நான்கை என்ன செய்யலாம், எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம் மாஷே" என்றேன். "விதி சரிதான். இருக்கட்டும். ஆனா அதுக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்க்கணும்."

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். எண் போடவில்லை. இப்போது எங்கள் பக்கத்தைத் திறந்தால் நான்காம் விதியின் கீழ் அது இருக்கிறது:

'இந்த விதியை ஜிஷ்ணா ஒருமுறை மீறினாள். அதனால் ஒரு மனிதன் எழுந்து சாப்பிட்டான். அவளை வெளியே உட்கார வைத்தது பிழை. பிழை செய்தவர் எல்தோஸ்.'

9

இந்தத் தாள்களைத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, பெரும்பாவூர் தபால் நிலையத்தில், பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஒப்புகை அட்டை இணைக்கவா என்று ஜன்னலில் இருந்த பெண் கேட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக வேண்டாம் என்றேன்.

ஜிஷ்ணா, நன்றி. பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வாசகருக்கு ஒரு வார்த்தை. அவள் வந்தாளா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. அது அவள் எழுத வேண்டியது. நீங்களும் அவளுக்கு வசனம் எழுதாதீர்கள். ஆனால் என் பாத்திரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துமூலம் அனுமதி தருகிறேன். நாளைக்கே பய்யன்னூர் வண்டியில் என்னை ஏற்றிவிடுங்கள், அல்லது வீட்டிலேயே மேர்சிக்குத் துணி மடிக்க உட்கார வையுங்கள், அல்லது ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா பசிக்கிறது என்று சொல்ல வையுங்கள். நீங்கள் எதை எழுதினாலும் கெல்வார் ஆட்சேபிக்க மாட்டான். நானும்தான்.