சாமிப் பலகையில் வாடிய ரோஜாக்கள்

இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். நான்கு மணிக்கெல்லாம் எழுந்து உப்பளத்துக்குப் போக வேண்டும் அவள். எனக்குத்தான் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. எழுதிவிட்டால் வருமோ என்னவோ.

கீழ்புத்துப்பட்டில் அருள்மொழி அக்காவின் பட்டறையில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த பழைய ஓவியத்தைப் போட்டோவாக அனுப்புவார்கள். அதைப் பார்த்து கேன்வாஸில் ஆயில் பெயின்டால் அச்சு மாறாமல் வரைந்து கொடுக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் ஒரு சீசன் அம்மாவோடு உப்பு வாரப் போனேன். இரண்டே மாதத்தில் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது வாசலில் படங்கள் காய்வதைப் பார்த்து அம்மா இறங்கியிருக்கிறாள். மறுநாள் என் ஸ்கூல் டிராயிங் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அப்படித்தான் இந்த வேலை கிடைத்தது.

போன மாதம் முதல்முறையாக ஒரு படத்தை என்னிடம் தனியாகக் கொடுத்தார்கள். ஒரு கண்ணாடி ஜாடி, அதில் கழுத்து தொங்கிய ஆறு ரோஜாக்கள், மேஜையில் உதிர்ந்து கிடக்கும் இதழ்கள். அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பூவை வாட வைக்கவே வரவில்லை. என் கை பூவை நிமிர்த்திக்கொண்டே இருந்தது.

பிரேம் அடிக்கும் ஜான்சன் அண்ணன் தினமும் வந்து பார்ப்பார். “ஏம்மா தமிழு, ராத்திரியில தண்ணி ஊத்துறியா இதுக்கு? நேத்த விட இன்னிக்கு நல்லா இருக்குதே பூவு.”

சனிக்கிழமைக்குள் முடித்தால்தான் காய வைத்து மாசக் கடைசியில் அனுப்ப முடியும். வெள்ளிக்கிழமை பட்டறை லீவு. வியாழன் சாயங்காலம் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஈரப் படத்தை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது அக்காவின் முதல் கண்டிஷன். யாருக்கும் தெரியாமல், ஈரப் படத்துக்கென்று ஜான்சன் அண்ணன் செய்த மரப்பெட்டியில் வைத்து, மரக்காணம் பஸ்ஸில் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். கடைசி ரோஜாவின் கழுத்து ஒருவழியாகத் தொங்கியது. எனக்கே நம்ப முடியவில்லை. அம்மா உப்பளத்துக்குக் கிளம்பிய நேரம் அது. படத்தை எங்கே வைப்பது? ஒரே ரூம். கீழே தம்பியின் பந்து, ஆட்டுக்குட்டி. எட்டாத இடம் ஒன்றுதான் இருந்தது. சாமிப் பலகை. முருகனுக்கும் அங்காளம்மனுக்கும் நடுவில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

கண் விழித்தபோது வெயில் உள்ளே வந்துவிட்டது. அம்மா வேலை முடிந்து வந்து, குளித்து, ஈரத் தலையோடு பலகை முன்னால் நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமை. சாமி படங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, கனகாம்பரம் போட்டிருந்தாள். மூன்று படத்துக்கும்.

“எழுந்திட்டியா? உன் படத்தத் துடைக்கல, ஈரமா இருந்திச்சி. பூ மட்டும் வெச்சேன். பாவம்டி, எல்லாம் வாடிக் கெடக்குது. சாமி பக்கத்துல அப்படி வெச்சிருக்க மனசு வரல. நல்லா இருக்குதா?”

“ம். நல்லா இருக்குதும்மா.”

அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் பூச்சரத்தை எடுத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன். ஆனாலும் நாரோடு பெயின்டும் உரிந்து வந்தது. இரண்டு ரோஜாவைக் குறுக்காக அறுத்தது போல ஒரு கோடு. அங்கங்கே கனகாம்பர இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. சரத்தைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். வேலை போய்விடும், மறுபடியும் உப்புதான் என்று தெரிந்துவிட்டது.

உப்பு வாருகிறவளுக்கு என்ன தெரியும் என்று அப்போது நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன். எழுத வந்ததே அதைத்தான்.

சனிக்கிழமை காலை, வழக்கம்போல அம்மா இருட்டோடு கிளம்பிப் போய்விட்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தேன். அம்மா பெயர் மட்டும் வரக் கூடாது. அருள்மொழி அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, மன்னிச்சிடுங்க. படத்த நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பஸ்ஸுல பெட்டி தொறந்து துப்பட்டா மேல பட்டுடுச்சி.”

அக்கா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனகாம்பர இதழ்.

“உன் துப்பட்டா பூக்குமா?”

ஜான்சன் அண்ணன் ஆணி எடுப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆறரைக்கு உங்கம்மா வந்தாங்க,” என்றார் அக்கா. “பட்டறை கேட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டு இருந்தாங்க. கையில ஒரு பூச்சரம், பெயின்டோட. முருங்கை மரத்தடியில கெடந்திச்சாம். ‘எம் பொண்ணு ஒண்ணுமே சொல்லல, சோறும் திங்கல. நான்தாங்க பூ வெச்சி கெடுத்துட்டேன். அவள அனுப்பிடாதீங்க, வேணும்னா நான் வந்து பட்டறைய கூட்டிக் கழுவி வுடறேன்’னு சொன்னாங்க. நான் வந்தத அவகிட்ட சொல்லாதீங்கன்னாங்க. அப்புறம் உப்பளத்துக்கு லேட்டாச்சின்னு ஓடிட்டாங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அவங்க கெடுத்தேன்றாங்க, நீ கெடுத்தேன்ற. நான் யாரத் திட்டறது? சாமிப் பலகையில வெச்சா பூ வெக்காம என்னா பண்ணுவாங்க? வெச்சது யாரு?”

“நான்தான்க்கா.”

“அப்ப தப்பு உன்னோடது. வியாழக்கிழமை வரைக்கும் டைம் கேட்டு மெயில் போடறேன். அதுக்குள்ள முடிக்கலன்னா நீ வர வேணாம். சுரண்டு.”

கத்தியால் சுரண்டினேன். டர்பன்டைன் போட்டுத் துடைத்தேன். ஐந்து நாள். மறுபடி வரையும்போது கை பூவை நிமிர்த்தவில்லை. அம்மா விட்டுப்போன அந்தச் சரம் அக்காவின் ஜன்னலில் கிடந்து நாளுக்கு நாள் சுருங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

இன்று சாயங்காலம் ஜான்சன் அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, “இப்பத்தான் செத்திச்சி,” என்றார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அடுத்த படத்தின் போட்டோவை என் மேஜையில் வைத்தார். மீன்கள்.

ராத்திரி சோறு போடும்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அந்தப் பூவு என்னா ஆச்சி?”

“நல்லா வாடிப்போச்சிம்மா.”

“அப்பாடா,” என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவள் பட்டறைக்கு வந்தது எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவாள். கொல்லையில் நான் நினைத்ததையும் சொல்ல மாட்டேன், அதற்குத் தைரியம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கனகாம்பரம் வாங்கி வந்து ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. அவள் உப்பளத்திலிருந்து வருவதற்குள் நான் பூ கட்டி வைக்க வேண்டும்.