குழாயடியில் அலசிய ஸ்பாஞ்சு

எனக்கு வாய் அதிகம். "உனக்குக் கடை எதுக்கு, ஒரு மைக் இருந்தா போதும்" என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். எங்கள் கடைக்கு மீன்தொட்டி வாங்க வருகிறவர்களுக்குத் தொட்டிக்கு முன்னால் என்னிடம் திட்டுதான் கிடைக்கும். "இன்னைக்குத் தொட்டி வாங்கி நாளைக்கே மீனை விடுவீங்களா? குடிபோற வீட்ல தண்ணி வருதான்னு பாக்காம போவீங்களா?" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். மீன் செத்துப்போய் யாராவது அழுதுகொண்டு வந்தால் இன்னும் மோசம். "மீனைக் குத்தம் சொல்லாதீங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்பேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பல் டாக்டர் ஒருவர் புதுக் கட்டடத்துக்கு மாறினார். நோயாளிகள் உட்காரும் அறையில் நாலடித் தொட்டி வேண்டும் என்றார். நோயாளிகள் பயத்தில் தரையைத்தான் பார்த்துக்கொண்டு உட்காருவார்களாம். அதனால் அடியில் மேய்கிற மீனாகப் போடச் சொன்னார். நான் எட்டு கோரி மீன் போடலாம் என்றேன். கட்டைவிரல் நீளம் இருக்கும், முகத்தில் குட்டிக் குட்டி மீசை. தரையை முகர்ந்து முகர்ந்து கூட்டமாகச் சுற்றும். பார்க்கிறவர்களுக்குப் பல்வலி மறக்கும்.

அந்த மீசைக்கு மாவு மாதிரி மணல்தான் வேண்டும். டாக்டருக்கோ பளிச்சென்று வெள்ளைக் கல் வேண்டும். சண்டை போட்டேன், தோற்றேன். ஆனால் மற்றதில் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றரை வாரம் மீனே இல்லாமல் தொட்டியை ஓடவிட்டு, தினமும் போய்த் தண்ணீரைச் சோதித்து, எல்லாம் சரியான பிறகுதான் ஒரு சனிக்கிழமை எட்டையும் விட்டேன்.

திங்கட்கிழமை திறப்பு. காலையில் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று ஃபில்டரைத் திறந்தேன். ஸ்பாஞ்சு நல்ல பழுப்பாக, வழவழவென்று இருந்தது. எனக்கு அது தங்கம். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க இது, சாக்கடை மாதிரி இருக்கு? பல் ஆஸ்பத்திரிங்க இது. இதை யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

வேறு யாராவது கேட்டிருந்தால் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அன்றைக்கு என்னவோ அடங்கிப்போனேன். கோட்டுப் போட்ட மனிதர், புதுச் சுவர், புது நாற்காலி, இன்னும் இரண்டு டாக்டர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதாக வேறு சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே ஸ்பாஞ்சை எடுத்துப்போய், கை கழுவும் குழாயைத் திறந்து, வெள்ளை வெளேரென்று ஆகும் வரை பிழிந்து அலசினேன். "இப்பப் பாருங்க சார்" என்று காட்டியும் வைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்கிறவரைப் பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தரை துடைப்பது, கருவித் தட்டுகளைக் கழுவி அடுக்குவது எல்லாம் அவர்தான். மீனுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தோம். காலையில் நாலு தீனி மாத்திரை, சாயங்காலம் நாலு, அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்றேன். தலையாட்டினார். விரல்விட்டு எண்ணித்தான் போடுவாராம்.

புதன்கிழமை கடைக்கு ஃபோன் பண்ணினார்.

"ஏம்மா, இதுங்க நிமிஷத்துக்கு ஒருதரம் மேல ஓடிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்குதுங்க. முந்தாநேத்து இப்படிப் பண்ணலையே?"

"அக்கா, அது கோரிக்குப் பழக்கம். மேல போய்க் காத்துக் குடிச்சிட்டு வரும். எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா, மீசைகூடக் கொஞ்சம் குட்டையா…"

"அக்கா, கடையில ஆள் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டேன். கோரி எப்போதாவது மேலே போவது பழக்கம். நிமிடத்துக்கு ஒருமுறை போவது மூச்சுத் திணறல். எனக்குத் தெரியாதா என்று கேட்டேனே, தெரியும். காதில்தான் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் கூப்பிட்டார். நான் போனபோது ஐந்து மீன் கல்லின்மேல் மல்லாந்து கிடந்தது. மிச்சம் மூன்றும் ஒரு மூலையில் பதுங்கியிருந்தது, மீசை தேய்ந்து மொட்டையாக. நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு? நீங்கதானே எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் பெரியக்கா தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் துணி, காலடியில் கண்ணாடி துடைக்கிற மருந்துப் புட்டி. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"இதோ, இதுதான்! இந்த மருந்தைத் தொட்ட கையோட சாப்பாடு போட்டா மீன் எப்படிப் பொழைக்கும்?"

"நான் கை கழுவிட்டுத்தாம்மா போட்டேன்" என்றார் பெரியக்கா.

"எப்படிக் கழுவுனீங்களோ! அஞ்சு உசுரு போச்சுக்கா உங்க கையால!"

யாரோ ஒரு நோயாளி "அடப் பாவமே" என்றார். டாக்டர் முகம் மாறியது. "மருந்து பட்ட கையைச் சரியாக் கழுவத் தெரியாதவங்களை நான் எப்படிக் கருவிங்க பக்கம் விடறது? இந்த மாசக் கடைசியோட நின்னுக்குங்க" என்றார். மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. பெரியக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் தொட்டித் தண்ணீரைக் கடைக்குக் கொண்டுவந்து சோதித்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் கரும்பச்சையாகிவிட்டது. அம்மோனியா, மீன் கழிவிலிருந்து வருகிற விஷம். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸ்பாஞ்சை எதுல அலசுன?"

"ஏன், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று சீறினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. எங்கள் கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் ஸ்பாஞ்சை அலசவும். மீனின் கழிவைத் தின்கிற கிருமிகள் குடியிருப்பது அந்தப் பழுப்பில்தான். குழாய்த் தண்ணீரில் போட்டிருக்கும் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பழைய தொட்டியாவது எப்படியோ தாங்கும், புதுத் தொட்டி தாங்காது. மிச்சச் சாப்பாடு கல் இடுக்கில் அழுக, அங்கேயே முகத்தை வைத்துத் தேடுகிற மீன்தான் முதலில் அடிபடும். கடையில் தினமும் நாலு பேருக்குச் சொல்கிற பாடம்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் கடைத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் ஃபில்டரில் ரகசியமாக வைத்தேன். தினமும் போய், குளோரினை முறிக்கிற மருந்து கலந்த தண்ணீரால் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். மூன்று மீனும் தேறியது. பெரியக்கா தொட்டிப் பக்கமே வருவதில்லை. தரை துடைக்கும்போதுகூடத் தொட்டியைச் சுற்றி ஒரு முழம் விட்டுத் துடைத்தார், கையில் உறை மாட்டிக்கொண்டு. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நான் வாளிக்குள் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு நாளும் மென்று முழுங்கினேன். வாய் அதிகம் என்று பேர் எடுத்தவள்!

பன்னிரண்டாம் நாள் வேறொரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் என் கை வாளியோடு அப்படியே நின்றுவிட்டது. வரவேற்பில் இருந்தவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்த பெரியக்கா முகத்தில் கோபமே இல்லை. உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்கார வைத்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"மன்னிச்சுக்கம்மா. ஆசை ஆசையா வளர்த்த மீனு. நான் நல்லாத்தான் கழுவுனேன்னு நினைச்சேன். இப்பல்லாம் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டக்கூடப் பயமா இருக்கு. மருமகளையே ஊட்டச் சொல்லிடறேன்."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். என்னை அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன், மன்னிப்புக் கேட்டதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்க கை இல்லக்கா. நான்தான். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணில அலசிட்டேன். மீன் செத்தது அதனாலதான். நீங்க ஃபோன்ல சொன்னப்பவாவது நான் கேட்டிருக்கணும்."

பெரியக்கா என் பக்கம் நன்றாகத் திரும்பினார்.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.

"அன்னிக்கு சாயங்காலமே."

"அன்னிக்கேவா?"

"ஆமாக்கா."

அவர் கண் கலங்கவில்லை, சத்தம் போடவில்லை. எழுந்து, முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து, வாசலில் போய்ச் செருப்பைப் போட்டார்.

"வா. எங்க நின்னு என்னைச் சொன்னியோ, அங்க நின்னு இதையும் சொல்லு. டாக்டரோட ரூமுக்குள்ள போய்ச் சொன்னா செல்லாது."

வழியில் அவர் முன்னால், நான் பின்னால். ஆஸ்பத்திரியில் அன்றைக்கென்று ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. டாக்டர் வெளியே வரும்வரை நின்றோம். தொட்டிக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஸ்பாஞ்சு, ஃபோன், அந்தப் பதினோரு நாள். வீங்கிய கன்னத்தோடு ஒருவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றார் பெரியக்கா. சத்தமாகச் சொன்னேன்.

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மூக்கைச் சுளித்த காலை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "பெரியக்கா, நீங்க நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அவர். மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வந்தார்.

அந்த வாரமே வெள்ளைக் கல்லை அள்ளிவிட்டு மணல் போட்டேன். மீசை மெல்ல முளைக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சு அலசப் போவேன். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, அதில் அலசுவேன். பெரியக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். நான் அலசி முடித்து ஸ்பாஞ்சைத் திரும்ப உள்ளே வைக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.