பெருந்துறைக்காரி

ஹட்டன் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள் நான். கொழும்பில் ஒரு கார்மெண்ட்ஸுக்கு மெஷின் பழுது பார்க்க வந்த செந்தில்வேலைக் கட்டிக்கொண்டு, முறையாக விசா வாங்கி, அவருடைய ஊரான நெருப்பெரிச்சலுக்கு வந்து சேர்ந்தேன். வந்த நாளிலிருந்து இந்த ஊர்ச் சாப்பாடு, இந்த ஊர்ப் பேச்சு, இந்த ஊர் வெயில். ஆனால் விசா தீரும்போதெல்லாம் ஆபீசுக்குப் போய், இன்னும் கொஞ்ச நாள் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டு நிற்க வேண்டும். விருந்தாளிகூட இத்தனை தடவை கேட்கமாட்டாள்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்கி, எனக்கும் அவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போனது. கடைசியில் மிஞ்சியது போலீஸ் விசாரணைதான். வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்றார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

ஏட்டு வந்தபோது நான் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பனியன் புரட்டிக்கொண்டிருந்தேன். வீடு பூட்டியிருந்ததால், எதிர்வீட்டு மயிலாள் அக்காவிடம், இங்கே இலங்கைக்காரி யாராவது இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். காகிதம் இல்லாத வெளிநாட்டுக்காரர்களைப் பிடிக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அக்கா யோசிக்கவே இல்லை. சாயங்காலம் அவரே பெருமையாகச் சொன்னார்.

“எங்க சின்னம்மா மவளுங்க, பொறந்தது பெருந்துறைங்கன்னு அடிச்சுச் சொல்லிப்போட்டேன் கண்ணு. இனி உன்னைய ஒருத்தனும் தொட மாட்டான்.”

தெருவே ஒத்து ஊதியிருக்கிறது. மளிகைக் கடைக்காரர் என் காதுகுத்து விருந்தில் சாப்பிட்டதாகவே சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முகவரியில் அப்படி ஒரு வெளிநாட்டவரே இல்லை என்று ஏட்டு எழுதி அனுப்பிவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, மறுபடியும் முதலிலிருந்து. இன்னொரு தடவை அலைய என்னிடம் சத்தியமாகத் தெம்பு இல்லை.

விஷயத்தை விளக்கியதும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஸ்டேஷனுக்கு வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். பொய் சொன்னதற்கு உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார் என நினைத்தேன். அது இல்லை.

“நீ அசலூர்க்காரின்னு என் வாயாலயே சொல்லோணுமா?” என்றார்.

ஆனாலும் மறுநாள் வந்தார். ஏட்டு நல்ல மனிதர். ஒரு பாட்டம் திட்டிவிட்டு நாற்காலி காட்டினார். வாக்குமூலம் எழுத வேண்டும், இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். எனக்குக் கரு கலைந்தபோது, என் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்க, ஆஸ்பத்திரியில் அக்கா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். சொல்லுங்கள் என்று நான் தலையாட்டினேன்.

“ஒறவெல்லாம் இல்லீங்க. இலங்கையில இருந்து வந்தவ. எங்க புள்ளை இல்லீங்க.”

ஏட்டு அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனி தடையில்லை, அறிக்கை மேலே போய்விடும் என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பின்னால் ஏறிய அக்கா என் தோளைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.