சீராக வந்த கைப்பிடி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தர்மன் மயங்கி விழுந்து சாகவில்லை. முந்தின நாள் மாடிக் கைப்பிடி பெயர்ந்ததால் விழுந்து செத்தார். இவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதே அவர் மனைவி வெற்றிச்செல்வியின் குறை.

அவள் அன்று காலை மாடி முகப்பில், உடைந்து தொங்கிய எவர்சில்வர் குழாயை ஒரு கையால் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அறுக்கும் மெஷினோடு இளையபெருமாள் நின்றான். பெரம்பலூரில் ரெயிலிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன் குருமூர்த்தியின் ஆள் அவன்.

"அக்கா, கொஞ்சம் நவுந்துக்கங்க. பாடி வர்றதுக்குள்ள கழட்டிரணும்னு ஓனர் சொன்னாரு."

"எதுக்கு?"

"நாலு பேரு வந்து போற எடம். இப்படித் தொங்கிக்கிட்டு இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

"நேத்து வரைக்கும் பாக்க நல்லாத்தான் இருந்திச்சு. மெஷின ஓட்டுறதுன்னா ஓட்டு. மொதல்ல எங்கைய அறுத்துட்டு அப்புறம் கம்பிய அறு."

இளையபெருமாள் கீழே எட்டிப் பார்த்தான். வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த குருமூர்த்தி நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார். ஆணை வராததால் இளையபெருமாள் மெஷினின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

முந்தின நாள் நடந்ததை மறைக்க ஒன்றுமில்லை. அடைமழை விட்டு வெயில் முகம் காட்டியது. நமுத்துப்போன ஜமக்காளத்தைத் தர்மன் மாடிக்கு எடுத்துச் சென்று கைப்பிடியின்மேல் விரித்தார். அதன் மறுபக்க ஓரம் சுருண்டிருந்தது. அதை இழுத்துவிட, வயிற்றைக் கம்பியில் கொடுத்துச் சற்றே குனிந்தார். வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த வெற்றிச்செல்வி அண்ணாந்து, "அந்த ஓரத்தயும் இழுத்து வுடுங்க" என்றாள். டைல்ஸ் விரியும் ஓசை கேட்டது. கம்பி பெயர்ந்து தொங்க, ஜமக்காளமும் ஆளும் ஒன்றாகக் கீழே வந்தன. அரியலூர் ஆஸ்பத்திரி வாசலை வண்டி தொடுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

எப்படி விழுந்தார் என்று போலீஸ்காரர் கேட்டபோது அவளுக்கு நாக்குப் புரளவில்லை. குருமூர்த்திக்குப் புரண்டது.

"மச்சானுக்கு பிரஷர் உண்டு சார். தலை சுத்தியிருக்கும்."

அந்தச் சொல் பிணத்துக்கு முன்பாகவே ஊர் வந்து சேர்ந்தது. டீக்கடையைத் தாண்டும்போது அதன் கையில் ஒரு குவளையும் ஏறிக்கொண்டது. "சனிக்கெழம சாயந்தரம் பாரு, லேசா போட்டிருப்பாரு" என்றார்கள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் தலை நரைக்கும்வரை மூட்டை ஏற்றியவர். உடம்பு வலி தீர உடன் வேலை செய்தவர்கள் குடித்தபோதெல்லாம் வெந்நீர் வைத்துக் குளித்தவர். அந்த மனிதரின் வாயில், அவர் வாய் மூடிய பிறகு ஊரார் சாராயம் ஊற்றினார்கள். வெற்றிச்செல்வி காலையிலிருந்து அழாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். அவர் வீட்டைவிட்டுப் போவதற்குள் இந்தப் பேச்சை அவர்மேலிருந்து துடைத்தாக வேண்டும். அழுதால் அது முடியாது.

வீடு கட்டும்போது தர்மன் கேட்டது செங்கல் சுவர்.

"மார்பளவுக்கு ஒரு செவுரு எழுப்பிட்டாப் போதும். மழைக்கும் வெயிலுக்கும் அதுதான் தாங்கும்" என்றார். கொத்தனாரும் சம்மதித்தார். அந்த நேரம் பார்த்துக் குருமூர்த்தி வந்தார்.

"நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க மச்சான்? லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் போயிப் பாருங்க. வெளிநாட்டுல சம்பாரிச்சவங்க வூடு ஒவ்வொண்ணும் கண்ணாடியும் எவர்சில்வருமா மின்னுது. செவுரு வச்சா மாட்டுக்கொட்டாய் மாதிரி இருக்கும். பொறந்த வூட்டுச் சீரா நானே போட்டுத் தரேன்."

சீர் என்ற சொல் விழுந்ததும் அந்த வீட்டில் எல்லா வாய்களும் மூடிக்கொண்டன. விலைக்கு வாங்கும் கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்கிற சனம் இது. ஆனால் பிறந்த வீட்டிலிருந்து வருகிற பொருளைத் தட்டிப் பார்ப்பது மரியாதை ஆகாது.

தர்மன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "மச்சான், உள்ள மாடிப்படிக்குப் போடுற பைப்பு வேற, மழையில நிக்கிறதுக்குப் போடுற பைப்பு வேறன்னு எங்க ஆலையில சொல்லுவாங்க. இது எது?"

"எல்லாம் ஒண்ணுதான். எந் தங்கச்சி வூட்டுக்குக் கொறச்சலாவா போடுவேன்?"

அது உள்ளே போடுகிற குழாய். குருமூர்த்திக்குத் தெரியும். அதைவிடப் பெரிய அநியாயம் தரையில் நடந்தது. டைல்ஸ் முதலில் ஒட்டப்பட்டுவிட்டது. காங்கிரீட்வரை துளைத்து நீண்ட போல்ட் இறக்கினால் டைல்ஸ் விரியும். விரிந்தால் மாற்ற வேண்டும். குடிபோகும் முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. ஆகவே டைல்ஸையும் அதன் அடியில் இருந்த கலவையையும் மட்டும் பற்றிக்கொள்ளும்படி விரல் நீள இரும்புத் திருகுகளை முடுக்கினார்கள். ஒவ்வொரு தூணின் அடியையும் பளபளக்கும் கிண்ணமொன்றால் மூடினார்கள். மேலே பார்க்கிற கண்ணுக்கு எவர்சில்வர். கீழே உயிரைத் தாங்குவது துருப்பிடிக்கும் இரும்பு.

கம்பி ஒட்டுகிற மட்டமான இரும்பா என்று பார்க்க, தர்மன் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுவந்தார். வெற்றிச்செல்வி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சீர்வரிசைய யாராச்சும் காந்தம் வச்சுப் பாப்பாங்களா? ஊரு சிரிக்கும்."

அவர் சிரித்தார். கம்பியில் முகத்தைப் பார்த்துத் தாடையைத் தடவினார். "நல்லா மொகம் தெரியுது மச்சான். இனிமே சலூனுக்குப் போவாம இங்கயே சவரம் பண்ணிக்கலாம்."

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கம்பியில் செம்புள்ளிகள் தோன்றின. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும், பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் வியர்க்கும் காற்றும் அதைத் தின்றன. "மச்சான், ஒங்க கம்பிக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பெல சொருவட்டுமா?" என்று பொங்கலுக்கு வந்த குருமூர்த்தியிடம் தர்மன் கேட்டார். "பவுடர் போட்டுத் தொடைச்சா போயிரும்" என்று விடை வந்தது. ஆடுகிறதே என்றபோது, "கம்பின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்று விடை வந்தது. அதற்கு மேல் கேட்டால் அண்ணன் மனம் நோகும் என்று வெற்றிச்செல்வி கண்ணால் தடுத்தாள். யாருடைய மனமும் நோகவில்லை.

நண்பகலுக்குப் பிறகு வண்டி வந்தது. வெற்றிச்செல்வி கீழே இறங்குமுன், பெரம்பலூரில் வேலை பார்க்கும் மகள் லாவண்யாவைக் கம்பியின் அருகே உட்காரவைத்தாள்.

"யாரு சொன்னாலும் நவுராத. மாமா சொன்னாலும், பெரியப்பா சொன்னாலும் நவுராத."

லாவண்யா தலையசைத்தாள். பெயர்ந்த தூணின் அடியில் கிண்ணம் தனியே கிடந்தது. அவள் அதைப் புரட்டினாள். உள்ளே தேங்கியிருந்த செந்நிற நீர் டைல்ஸில் வழிந்தது. அதோடு ஒரு திருகும் விழுந்தது. தலை மட்டும் பருத்து, உடம்பு ஈர்க்குச்சியாய் மெலிந்திருந்தது. அவள் அதைத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள். வெற்றிச்செல்வி கையை மூடிக்கொண்டு இறங்கினாள்.

குளிப்பாட்டினார்கள். நெற்றியில் நாணயம் வைத்தார்கள். "இந்தப் பிரஷரு பொல்லாதது", "எல்லாம் விதி", "எழுதினது அம்புட்டுத்தான்" என்று வந்தவர்கள் ஆளுக்கொரு பூட்டாகப் போட்டு உண்மையை அடைத்தார்கள். தர்மனின் அண்ணன் கண்ணையன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெறித்திருந்தார். வானம் மறுபடி கறுத்ததும் அவர்தான், "பொறந்த வூட்டுக் கோடி வந்துட்டா தூக்கிரலாம்" என்றார்.

தெருமுனையில் பறை முழங்கியது. குருமூர்த்தி தாம்பாளத்தை ஏந்தி வந்தார். மஞ்சள், பூ, தேங்காய், அவற்றின் நடுவே மடிப்புக் கலையாத சேலை. கட்டியவன் போன பிறகு உடன்பிறந்தவன் இருக்கிறான் என்று ஊரறியச் சொல்லுகிற சேலை அது. அதைப் பெண் வாங்கிக்கொண்டால்தான் பாடை எழும். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். குருமூர்த்தியின் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"செல்வி, எந்திரிம்மா. அண்ணன் இருக்கேன்."

அவள் எழுந்தாள். சேலையை எடுக்கவில்லை. மூடிய கையைத் தாம்பாளத்தின்மேல் திறந்தாள். துருத் திருகு சேலை மடிப்பின்மேல் விழுந்தது.

"என்னம்மா இது?"

"நீ குடுத்த சீருதாண்ணே. அதயும் சேத்து வச்சுக்க."

பறை நின்றது. குருமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். "துக்கத்துல என்ன பேசுறதுன்னு தெரியாமப் பேசுது" என்றார், எல்லாரிடமும்.

"தெரிஞ்சுதான் பேசுறேன். அவருக்குத் தலை சுத்துச்சா?"

"அத இப்ப..."

"வாசல்ல இருந்து பாத்தவ நான். நீ பெரம்பலூர்ல இருந்த. ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு, அவருக்குத் தலை சுத்துனது?"

கண்ணையன் குறுக்கே வந்தார். "ஏம்மா, மழ வருது. ஆக வேண்டியதப் பாப்போம். இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்ப மாமா? குடிச்சுட்டு வுழுந்தவருன்னு பேரு வாங்கிக்கிட்டு அவரு போய்ச் சேந்தப்புறமா?"

கண்ணையன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வழியைவிட்டு விலகி நின்றார்.

வெற்றிச்செல்வி கையை உயர்த்தி மாடியைக் காட்டினாள். பெயர்ந்தது ஒரு பகுதிதான். மூலையிலிருந்து மாடிப்படிவரை மிச்சக் கைப்பிடி மின்னிக்கொண்டு நின்றது.

"அதுவும் நீ போட்டதுதான். அதே பைப்பு, அதே திருகு. மேல போ. அவரு சாஞ்ச மாதிரி சாஞ்சு நில்லு. நின்னுட்டா கம்பி நல்ல கம்பி, அவருக்குத்தான் தலை சுத்துச்சுன்னு நானே ஊருக்குச் சொல்லுறேன். ஒங் கோடியயும் வாங்கிக் கட்டிக்கிறேன்."

யாராவது தடுப்பார்கள் என்று குருமூர்த்தி காத்திருந்தார். தடுப்பாரில்லை. தாம்பாளத்தை இளையபெருமாளிடம் கொடுத்துவிட்டு ஏறினார். ஏறும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மாடி முகப்புக்கு வந்ததும் அவிழ்த்து விட்டார். லாவண்யா எழுந்து அவருக்கு இடம் விட்டாள். ஊர் முழுதும் கழுத்தை நிமிர்த்தியது. பாடையில் கிடந்தவர் ஒருவர்தாம் கண்மூடியிருந்தார்.

குருமூர்த்தி வலக்கையை நீட்டினார். கை கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது; பிறகு திரும்பி வந்து தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார். முதுகு சுவரில் ஒட்டியது.

"சாயி குருமூர்த்தி" என்றது கீழிருந்து ஒரு குரல். கண்ணையன். "நீ போட்ட கம்பிதான?"

காற்று வீசியது. எங்கோ ஒரு திருகு கிரீச்சிட்டது.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல" என்றார் குருமூர்த்தி. "தலை சுத்துற மாதிரி இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எறங்கி வாண்ணே" என்றாள் வெற்றிச்செல்வி. "செவுத்தோரமா எறங்கி வா. கம்பியப் புடிக்காத."

அதன் பிறகுதான் அவள் கணவரின் கால்மாட்டில் சரிந்தாள். கண்ணையன் கோடிக்குக் காத்திருக்கவில்லை. பாடைக்குக் கை கொடுக்கச் சொன்னார். முன்கொம்பைத் தாமே தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஆண்கள் போன பிறகு மழை கொட்டித் தீர்த்தது. பெண்கள் குளித்து வந்தபோது தாம்பாளம் இளையபெருமாள் பந்தலோரம் வைத்த இடத்திலேயே இருந்தது. சேலையின்மேல் திருகைச் சுற்றி ஒரு செந்நிற வட்டம் ஊறிப் பரவியிருந்தது. வெற்றிச்செல்வி நேற்று உடுத்திய பழைய சேலையிலேயே நின்று, நனைந்த ஜமக்காளத்தை மகளோடு ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினாள். உலர்த்த இடம் தேடி இருவரும் நிமிர்ந்தார்கள். பிறகு உள்ளே எடுத்துப்போய்த் தரையில் விரித்தார்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் எழுந்து உங்கள் மாடிக்குப் போங்கள். கைப்பிடியை யார் கொடுத்தார், எவ்வளவு அன்போடு கொடுத்தார் என்பது அப்படியே இருக்கட்டும். அதில் சாயாதீர்கள். தூணின் அடியில் பளபளக்கிறதே, அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் பாருங்கள்.