படம் பேர் தெரியாத பாட்டு

1983 மே 28, சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, மதுரை செல்லூரில் காளியம்மன் கோயில் பொங்கலுக்கான மெல்லிசைக் கச்சேரி தொடங்கியது.

முதல் அரை மணி நேரம் 'மின்மினி' குழுவுக்கு. நாலே பேர். சினிமாப் பாட்டைத் தொடமாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு. அதற்குப் பிறகு 'செவ்வானம்' குழு. இருபது பேர், எல்லாம் சினிமாப் பாட்டு.

அந்த அரை மணி நேரத்தை விழாக் கமிட்டியில் சண்டை போட்டு வாங்கியவன் சுருளி. அதற்கு முன் ஒரு மாதம், கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து தரும் மருதுவின் கடையில், மருதுவோடு சண்டை போட்டிருந்தான்.

"செவ்வானம் அச்சு அசலா ரெக்கார்டு மாதிரியே வாசிக்கிறாய்ங்க மாப்ள. கண்ண மூடுனா ரேடியோதான்" என்றான் மருது.

"அப்ப ரேடியோவையே மேடையில வச்சிரலாம்ல. இருவது பேருக்கு எதுக்கு எல போடணும்?"

"ஒன் மின்மினியில கித்தாரும் ட்ரம்ஸும் அடிச்சுக்கிருது. நடுவுல சவரியப்பண்ணே வெலக்கி விடுறாரு."

சவரியப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். மின்மினியின் பாட்டுகளை எழுதிக் கித்தார் வாசிப்பவர். இதைக் கேட்டு அவரும் சிரித்தார்.

ஆனால் மருது ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டான். கூட்டத்திலிருப்பவர்கள் பாட்டின் பேரையும் படத்தின் பேரையும் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். எந்தக் குழு பெரிது என்பதற்கு ஊரில் அதுதான் கணக்கு. "ஒங்க பாட்டுக்குப் பேரு யாருக்குத் தெரியும்? படமும் கெடையாது. என்னன்னு எழுதி அனுப்புவான்?"

கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் ட்ரம்ஸை முடுக்கிக்கொண்டிருந்த மின்மினியின் கண்ணுச்சாமி அதையே சவரியப்பனிடம் வேறு விதமாகச் சொன்னான். "அண்ணே, செவ்வானத்துல என்னையக் கூப்புடுறாக. இன்னைக்கு ஒத்தச் சீட்டு வந்தாலும் ஒங்ககூட இருக்கேன். வரலைன்னா நாளைக்கு அங்க போறேன்." அவன் போனால் குழு இல்லை என்பது சவரியப்பனுக்குத் தெரியும். சரி என்றார்.

சுருளி தானே சீட்டு எழுதிவிடக் கூடாதென்று அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை மருது பிடுங்கி வைத்துக்கொண்டான். செவ்வானத்தைப் பதிவு செய்யக் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் மருதுவின் மடியில் இருந்தது.

முதல் பாட்டுக்கு ஆட்கள் கடலை வாங்க எழுந்தார்கள். இரண்டாவதற்கும் அப்படித்தான். மூன்றாவது, அழகர்கோவில் பஸ்ஸைத் தவறவிட்டு அதன் பின்னாலேயே ஓடுகிறவனின் பாட்டு. கண்ணுச்சாமி டவுன் பஸ்ஸின் தகர ஆட்டத்தை ட்ரம்ஸில் கொண்டுவந்தான். கித்தார் ஹாரன் அடித்தது. பஸ் நின்றது, ஆள் நெருங்கினான், பஸ் கிளம்பியது. பெண்கள் பக்கம் சிரிப்பு. இரண்டாம் முறை பஸ் கிளம்பியபோது அங்கே கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். கடலைக்குப் போனவர்கள் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பி ஓடிவந்தார்கள்.

மருதுவின் கால் தாளம் போட்டது. சுருளி அதைப் பார்த்தான்.

"கொசு கடிக்கிது" என்றான் மருது.

பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. சவரியப்பன் மைக்கில் வாசித்தார்.

"பாட்டு: பஸ் பாட்டு. படம்: தெரியவில்லை. மறுபடி பாடவும். இப்படிக்கு, பாண்டியம்மாள் மற்றும் தறிப்பட்டறைப் பெண்கள்."

அடுத்த சீட்டு: "பாட்டு: ஓடும் பாட்டு. படம்: இன்னும் ரிலீஸ் ஆகவில்லையா?"

மொத்தம் பதினோரு சீட்டு. சொந்தமாகப் பாட்டுக் கட்டி மேடையில் பாடுவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏதோ வரப்போகிற படம் என்றே எழுதியிருந்தார்கள்.

"படம் பேரு இல்லாத சீட்டு செல்லாது மாப்ள" என்றான் மருது.

"எந்திரிச்சு மைக்குல சொல்லு. தறிப்பட்டறைப் பொம்பளைக கேக்கட்டும்."

மருது பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். எழவில்லை. கண்ணுச்சாமி மறுபடி தகரத்தை ஆட்டத் தொடங்கினான். செவ்வானத்துக்காரர்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். மருதுவின் மடியில் ரெக்கார்டரின் பொத்தான் டக்கென்று அமுங்கியது.

"அதையும் கொசுதான் அமுக்குச்சா?" என்றான் சுருளி.

"பேசாதடா, ஒன் கொரலும் பதிஞ்சுரும்."

கண்ணுச்சாமி செவ்வானத்தில் சேரவில்லை. திங்கட்கிழமை மருதுவின் கடைப் பட்டியலில் ஒரு பாட்டு கூடியிருந்தது. படம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.